நான்கு மாதப் புனிதர்

எங்கள் வீட்டில் நான்கு மாதம் ஒரு புனிதர் குடியிருந்தார். அவருக்கு இறால் போட்ட முருங்கைக்காய்க் கறி என்றால் உயிர். நித்திரையில் குறட்டை விடுவார். செருப்பை எங்கே கழற்றி விட்டோம் என்பது ஒருநாளும் அவருக்கு நினைவிருக்காது. புனிதர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களை எழுதி வைக்காமலே போய்விட்டார்கள். அந்தக் குறையை என்னால் முடிந்த அளவு தீர்த்து வைக்கிறேன்.

அவர் என் சித்தப்பா, அம்மாவின் தங்கையுடைய கணவர். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். பிள்ளையில்லாத சித்தியும் சித்தப்பாவும்தான் என்னை வளர்த்தார்கள். மன்னார்த் தீவில், தோட்டவெளிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில், கடலைப் பார்த்தபடி பனையோலை வேலி போட்ட வீடு எங்களுடையது.

சித்தப்பா குடிகாரர் என்று சொன்னால் ஊரில் யாரும் மறுக்கமாட்டார்கள், அவரும் மறுக்கமாட்டார். வள்ளம் கரைக்கு வந்து மீன் விற்று முடிந்ததும் அவருடைய கால்கள் கள்ளுத் தவறணைப் பக்கம் திரும்பிவிடும். கள்ளுக் குடித்த நாளில் பாடுவார். சாராயம் குடித்த நாளில் பீங்கான் உடைப்பார். எங்களுக்கு அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை, சாப்பாட்டுப் பீங்கான்களை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறிவார். ஆனால் கட்டிலுக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. எனக்கு அவரில் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் ஒரே ஆளில் இருப்பதுதான் எனக்குப் பெரிய தொல்லை.

ஒரு தவக்காலத்தில் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு விடத்தல்தீவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று கிழமை கழித்துச் சித்தப்பா வந்து படலைக்கு வெளியே வெயிலில் அரைநாள் நின்றார். சித்தி வெளியே வந்து, ஊரே கேட்கும்படி ஒரு நிபந்தனை சொன்னாள்.

"இன்னொருக்கா ஒரு பீங்கான் உடைஞ்சுதெண்டா நான் அண்ணா வீட்டை வந்திடுவன். பிறகு நீங்கள் இந்த வெயிலில நிண்டு கருவாடாப் போனாலும் திரும்பி வரமாட்டன்."

அம்மாவும் தொலைபேசியில் தன் பங்குக்குச் சொல்லிவிட்டாள். சித்தி போனால் என்னைப் பட்டணத்தில் கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்துவிடுவதாம். ஆகவே ஒரு பீங்கான் உடைந்தால் சித்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம், வீட்டுக்குப் பூட்டு. எனக்கு அந்த வீட்டைவிட்டுப் போக விருப்பமில்லை. அதன் பிறகு சித்தி அலுமினியத் தட்டுகள் வாங்கிவிட்டாள். ஆனால் மிச்சமிருந்த மூன்று பீங்கான்களை எறியாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தாள். ஏன் வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த வருடம் எங்கள் ஊர்ச் செபஸ்தியார் கோயில் திருநாளுக்கு நாடகம் போடுவதென்று முடிவாயிற்று. யுத்தத்துக்குப் பிறகு முதல் நாடகம். முழுக்கப் பாட்டிலேயே நடக்கும் எங்கள் பக்கத்து நாடகம் அது. அரசனின் படையில் வீரராக இருந்த செபஸ்தியார், வேதத்தை மறுக்கமாட்டேன் என்று சொல்லி, மரத்தில் கட்டப்பட்டு அம்பு படுவதோடு முடியும். நாடகம் பழக்குகிறவரை அண்ணாவியார் என்போம். அவர் கையில் இருந்த கொப்பிதான் அந்த நாடகத்தின் ஒரே பிரதி. வள்ளத்தில் அகதியாக இந்தியாவுக்குப் போனபோது மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் கொண்டுபோக, அவர் அந்தக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு போனாராம். திரும்பி வந்தபோதும் அது அவர் வயிற்றோடுதான் வந்தது.

செபஸ்தியார் வேடத்துக்கு முதலில் தெரிவானவன் பூசை தவறாத நல்ல பையன். அவனுக்குக் கட்டாருக்கு விசா வந்துவிட்டது, போய்விட்டான். அண்ணாவியார் அடுத்ததாகக் கேட்டது என் சித்தப்பாவை. கோயில் வளவு கூட்டிக்கொண்டிருந்த சித்தி அந்தப் பேச்சைக் காதால் கேட்டாள்.

"அவரையோ?" என்றாராம் பங்குச் சுவாமி. "போன கிழமையும் ரோட்டில கிடந்தவரெல்லோ?"

"தெரியும் சுவாமி. செபஸ்தியாருக்குத் தொண்டை வேணும். குணத்தைக் கொப்பியில எழுதி வச்சிருக்கு. அவர் அதைப் பாடினாச் சரி."

எங்கள் ஊரில் புனிதர் வேடம் கட்டுகிறவருக்கு ஒரு முறை உண்டு. நாடகப் பழக்கம் தொடங்கும் நாளில் பீடத்துக்கு முன் முழந்தாளிட்டுக் கொப்பியில் கைவைத்துச் சத்தியம் செய்யவேண்டும். நாடகம் அரங்கேறி முடியும்வரை குடி இல்லை, தூஷண வார்த்தை இல்லை, சண்டை இல்லை, பொய் இல்லை. ஊராருக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அன்றிலிருந்து அவரைச் சொந்தப் பெயரால் யாரும் கூப்பிடக்கூடாது, புனிதரின் பெயரால்தான் கூப்பிடவேண்டும். சித்தப்பா இதற்கெல்லாம் ஏன் சம்மதித்தார் என்று யாரும் கேட்கவில்லை. பாட்டு ஆசை என்று எல்லோரும் நினைத்தோம்.

முதல் கிழமை அவருக்குக் கை நடுங்கியது, வியர்த்தது, இரவு பகலாகத் தேநீர் குடித்தார். இரண்டாவது கிழமை ஊருக்கு வேடிக்கை தொடங்கியது. "செபஸ்தியார், அந்தக் கயித்தை ஒருக்கா எறியுங்கோ" என்று கடற்கரையில் குரல் கேட்கும். மீன் ஏற்ற வரும் வியாபாரி எடையில் கை வைத்தால் முன்பெல்லாம் சித்தப்பாவின் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக் காகமும் பறந்துவிடும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "ஐயா, தராசு கொஞ்சம் களைச்சுப் போச்சுது போல" என்றார். வியாபாரி பயந்து சரியாக நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். தீவெங்கும் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளில் ஒன்று எங்கள் வேலி ஓலையைத் தின்றபோது அவர் அதற்கு முன்னால் போய் நின்று, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "தயவுசெய்து போ" என்றார். சித்தி குசினிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே அபூர்வம்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, "தலையில ஒருக்காக் கை வையுங்கோ செபஸ்தியார்" என்றாள். சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு என்ன தெரியும் தங்கச்சி, ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

"கொண்டு போனனான். மருந்தும் குடுத்தனான். நீங்களும் வையுங்கோ."

அவர் மீன் வாடை போகும்வரை சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து வைத்தார். மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்தின் பங்கை யாரும் பேசவில்லை.

எனக்கு இது முக்கியமான செய்தி, ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்து, மனிதர் எப்படிப் புனிதராகிறார் என்று சொல்லித் தந்திருந்தார். கீழ்ப்படியில் இறை ஊழியர், அதற்கு மேல் வணக்கத்துக்குரியவர், அதற்கு மேல் அருளாளர், உச்சியில் புனிதர். நல்லபடி வாழ்ந்ததற்குச் சாட்சி வேண்டும், பிறகு இரண்டு புதுமைகள் வேண்டும். வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சிகளுக்கு மட்டும் ஒன்று குறைத்துக் கொள்வார்களாம். புதுமை என்றால் மனித சக்தியால் நடக்க முடியாத காரியம். ஆளின் குற்றங்குறைகளைத் தேடுவதற்கென்றே முன்பு உரோமாபுரியில் ஒருவரை நியமித்திருந்தார்களாம். எங்கள் ஊரில் அந்த உத்தியோகத்துக்குச் சம்பளமே கொடுக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே சிக்கல், ஆள் செத்திருக்க வேண்டும். நான் கை தூக்கினேன்.

"உயிரோட இருக்கேக்க புனிதராக ஏலாதோ சிஸ்டர்?"

"ஏலும் பிள்ளை. கனபேர் இருக்கினம். ஆனா ஒருத்தரும் எழுதித் தரமாட்டினம்."

எழுத்தில் வராவிட்டால் பரவாயில்லை என்று வீட்டுக்கு வந்தேன். ஒரு புதுமை முடிந்தது, இன்னும் ஒன்று. அந்த மாதங்களில் நான் கட்டிலுக்கு மேலேதான் படுத்தேன். சித்தப்பா முற்றத்தில் இருந்து பாட்டுப் பழகுவார், சித்தி அவருடைய வெள்ளை உடுப்புக்குச் சரிகை தைப்பாள், நான் ஈர்க்கில் அம்பு செய்வேன். ஒரு பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்.

திருநாள் கிட்ட வரவர நான் மிச்ச நாட்களை எண்ணத் தொடங்கினேன். சத்தியம் நாடகம் முடியும்வரைதான். அதை நினைவு வைத்திருந்தது நான் மட்டுமல்ல. வலை காயப்போட்டிருந்த இடத்தில் சித்தப்பாவின் பழைய கூட்டாளிகள் இருவர் பேசியது என் காதில் விழுந்தது.

"மணலுக்க ரெண்டு போத்தல் தாட்டு வச்சிருக்கிறன். செபஸ்தியாரை மரத்தில இருந்து அவிட்டவுடன வாய் நனைப்பம்."

சித்தப்பா பக்கத்தில்தான் நின்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் பயந்த மாதிரி எந்தப் பீங்கானுக்கும் பயந்ததில்லை.

எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை கடைசிப் பாட்டு. மூன்று மணி நேர நாடகத்தைத் தண்ணீராகப் பாடும் சித்தப்பா, மரத்தில் கட்டுண்டபடி பாடவேண்டிய கடைசி எட்டு வரியில் மட்டும் தடக்குப்பட்டார். ஆறாவது வரியில் வந்து நிற்பார். மறுபடி தொடங்குவார், மறுபடி நிற்பார். நாளுக்கு நாள் இதே கதை. எல்லோருக்கும் முன்னால் அண்ணாவியார் ஏசுவார்.

"ஏன் காணும், இவ்வளவையும் பாடுறீர், இந்த எட்டு வரியில உமக்கு என்ன வந்தது?"

"வருதில்லை அண்ணாவியார்" என்று சித்தப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுவார்.

வராமலே இருக்கட்டும் என்று நான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொன்னேன். பாட்டு வராவிட்டால் நாடகம் இல்லை, நாடகம் இல்லாவிட்டால் புனிதர் வீட்டிலேயே இருப்பார். ஆனால் கொடியேற்றத்தன்று அண்ணாவியார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். கடைசிக் காட்சியில் கொப்பியோடு அவரே மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று வரிவரியாக எடுத்துக் கொடுப்பாராம். எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த நாள் பழக்கத்தின் நடுவில் அண்ணாவியார் தேநீர் குடிக்க எழும்பிப் போனார். கொப்பி கதிரையில் இருந்தது. நான் அதை எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தேன். அம்மா குவைத்திலிருந்து அனுப்பிய தடித்த கம்பளிப் போர்வை ஒன்று அலுமாரியில் இருந்தது. மன்னார் வெயிலில் அதை யாரும் விரிக்கப்போவதில்லை. அதன் மடிப்புக்குள் கொப்பியை வைத்துவிட்டு, இரண்டாவது புதுமையை நானே செய்துவிட்டது போன்ற பெருமையோடு திரும்பிப் போனேன்.

பெருமை கால்மணி நேரம்தான் இருந்தது. அண்ணாவியார் கதிரையைப் பார்த்தார், கதிரைக்குக் கீழே பார்த்தார், தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு கோயில் முற்றத்து மணலில் அப்படியே இருந்துவிட்டார். அவர் சத்தம் போட்டு அழவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் ஊர் முழுக்கத் தேடியது. மூன்றாம் நாள் தேடுவதை விட்டுவிட்டு ஆளைக் கண்டுபிடித்தது. கொப்பி இல்லாமல் போனால் யாருக்கு நன்மை? பாட்டு வராதவருக்குத்தான். பாடமாக்க ஏலாமல் செபஸ்தியாரே கொப்பியை ஒளித்துவிட்டார் என்று கிணற்றடியில் பேசினார்கள், பிறகு கடற்கரையில் பேசினார்கள், பிறகு சித்தப்பாவின் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அவர் சண்டை பிடிக்கக்கூடாதே. "நான் எடுக்கேல்லை" என்று ஒருதரம் சொன்னார். அன்று மாலை சுவாமி வந்து, நாடகத்தைக் கைவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். சுவாமியின் தலை மறைந்ததும் கூட்டாளி ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நாடகமும் இல்லை, சத்தியமும் இல்லை. இனி என்ன, வாங்கோவன்."

என் மூளைக்கு இது எட்டவே இல்லை. நாடகம் நின்றால் புனிதர் நிற்பார் என்று நினைத்தேனே தவிர, நாடகம் நின்றால் சத்தியமும் அதோடு போய்விடும் என்று நினைக்கவில்லை. சித்தப்பா செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு கடற்கரைப் பக்கம் நடந்தார். சித்தி அவர் போவதைப் பார்த்தாள். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே கிடந்த உடுப்புப் பையை எடுத்துத் தூசு தட்டத் தொடங்கினாள்.

அவள் கதிரையால் இறங்கிக் குசினிக்குப் போன நேரம் பார்த்து நான் போர்வைக்குள் கையை விட்டேன். கொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓடியது அந்த ஒருதரம்தான்.

சித்தப்பா கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் நிழலில் தனியே இருந்தார். முன்னால் மணலில் ஒரு போத்தல் நின்றது. மூடி திறக்கவில்லை. சூரியன் இன்னும் கடலில் விழவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு கொப்பியை அவருடைய மடியில் போட்டேன்.

அவர் கொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை?"

"நாடகம் முடிஞ்சா நீங்கள் குடிப்பியள். சித்தி விடத்தல்தீவுக்குப் போயிடுவா. நான் மடத்துக்குப் போகோணும்."

எனக்கு அதற்குமேல் அழுகைதான் வந்தது. அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கொப்பியை என்னிடமே திருப்பித் தந்தார்.

"கடைசிப் பக்கத்தைத் திற. நான் பாடுறன். பிழை விட்டாச் சொல்லு."

பாடினார். நான் விரலை வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது வரி போயிற்று, ஆறாவது வரியில் நான் மூச்சைப் பிடித்தேன். "அம்பு பட்ட மார்பிது, ஐயனே, உம் வீடிது" என்ற அந்த வரி எந்தத் தடக்கும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஏழு, எட்டு. ஒரு எழுத்துப் பிழை இல்லை. எனக்கு மேல் புல்லரித்துவிட்டது.

"சித்தப்பா, புதுமை" என்றேன். "இது ரெண்டாவது."

அவர் முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்தபடியே எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணாவியார் வீட்டுப் பக்கம் நடந்தார். போத்தல் அதே இடத்தில் நின்றது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது அதைக் காணவில்லை. அது கூட்டாளிகள் செய்த புதுமை.

அண்ணாவியாரின் வாசலில் வைத்துச் சித்தப்பா என் கையை விட்டார். கொப்பியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"நான்தான் எடுத்தனான். மன்னியுங்கோ."

அண்ணாவியார் கைத்தடியை ஓங்கி அவருடைய தோளில் ஒரு அடி போட்டார். சத்தம் கேட்டு அக்கம்பக்கம் கூடிவிட்டது. அப்பவே சொன்னனாங்கள் என்று ஆளுக்கொரு வாய். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். இல்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அண்ணாவியார் கொப்பியைப் பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்து முடித்த பிறகு, நாளைக்கு நேரத்தோடு பழக்கத்துக்கு வரும்படி சொன்னார். செபஸ்தியார் அவரேதான், வேறு தொண்டை ஊரில் இல்லை.

திருநாளுக்கு முன் எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். நான் போய் முழந்தாளிட்டேன்.

"சுவாமி, கொப்பியை எடுத்தது நான். சித்தப்பா தான் எடுத்ததெண்டு பொய் சொன்னவர்."

தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமி காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"உன்ர பாவத்தை மட்டும் சொல்லு பிள்ளை" என்றார். "அவர்ட பாவத்தை அவர் சொல்லுவார். இந்தப் பாவத்தை அவர் சொல்லுவாரோ எண்டு எனக்குத் தெரியாது."

அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம். அவ்வளவு பெரிய பாவத்துக்கு இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

முன்பெல்லாம் விடிய விடிய நடந்த நாடகத்தை அந்த வருடம் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கினார்கள். பொழுது படுகிற நேரம் செபஸ்தியாரை, மரமாக நட்டிருந்த பனங்குற்றியில் கட்டினார்கள். நான் செய்த ஈர்க்கு அம்புகள் வெள்ளை உடுப்பில் குத்தியிருந்தன. அண்ணாவியார் குற்றிக்குப் பின்னால் கொப்பியோடு குந்தியிருந்தார். சித்தப்பா அவரை எதிர்பார்க்காமலே பாடினார். ஆறாவது வரியைத் தாண்டியபோது சனம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எட்டாவது வரியோடு தலையைச் சாய்க்கவேண்டும், அதோடு முடிந்தது. அவர் சாய்க்கவில்லை. எட்டாவது வரியை மறுபடியும் பாடினார். மத்தளக்காரர் அண்ணாவியாரைப் பார்த்தார். மூன்றாம் தரமும் பாடினார், முதல் இரண்டு தரத்தையும்விட மெதுவாக. பெண்கள் அழுதார்கள். பக்தி என்றார்கள். நானும் பக்தி என்றுதான் நினைத்தேன்.

கட்டை அவிழ்த்ததும் கூட்டாளிகள் கிட்ட வந்தார்கள். சித்தப்பா அவர்களுக்குக் கை காட்டிவிட்டு, உடுப்போடும் அம்புகளோடும் நேரே வீட்டுக்கு வந்தார். சித்தி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பீங்கானை எடுத்துக் கழுவி, அதில் அவருக்குச் சோறு போட்டாள். அவர் பீங்கானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சாப்பிட்டார். உடுப்பைக் கழற்றச் சொன்னபோது, விடிய கழற்றுவம் என்றார். சரிகை உடுப்போடு பாயில் படுத்துக் குறட்டை விட்டார். மறுநாள் காலை அண்ணாவியாரின் படலையில் போய் நின்று, அடுத்த நாடகத்துக்கு எப்ப பழக்கம் தொடங்குவியள் என்று கேட்டாராம்.

அதன் பிறகு எல்லாம் நேர்க்கோட்டில் போயிற்று என்று எழுதினால் அது பொய். இரண்டு தரம் விழுந்தார். அந்த இரண்டு தரமும் கள்ளோடு நின்றது, பாட்டோடு போயிற்று. பீங்கான் உடையவில்லை. வீடு பூட்டப்படவில்லை. நான் விடுதிக்குப் போகவில்லை, அந்த வீட்டிலிருந்தே படித்து முடித்தேன். ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு வேடத்தைக் கேட்டு வாங்கிச் சத்தியம் செய்துவிடுவார். புனிதர் வேடந்தான் என்றில்லை, சேவகன் வேடமானாலும் சரி. சேவகனுக்குச் சத்தியம் தேவையில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டார்.

போன வருடம் திருநாளுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அந்நாளில் அவரோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போன அண்ணரைக் கோயிலடியில் கண்டேன். பழைய கதை கதைத்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பாட்டு வராமல் அவர் பட்ட பாட்டைச் சொல்லி நான் சிரித்தேன். அண்ணர் சிரிக்கவில்லை.

"ஆர் சொன்னது வராதெண்டு? முதல் மாசமே பாடமாக்கிப் போட்டார். கடலில ஒவ்வொரு விடியக்காலமையும் அந்த எட்டு வரியைத்தான் பாடுவார். கரைக்கு வந்தா மட்டும் வராது."

நான் வீட்டுக்கு வந்தேன். சித்தப்பா முற்றத்தில் இருந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும், தன் செருப்பைக் கண்டாயா என்று கேட்டார். நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். பத்து வயதில் எண்ணி வைத்த இரண்டு புதுமைகளில் ஒன்று மருந்து, மற்றது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு. சத்தியத்தையும் முதல் மாதமே உடைத்து, வருதில்லை வருதில்லை என்று ஊருக்கு முன்னால் நாள்தோறும் பொய் சொல்லி ஏச்சு வாங்கியிருக்கிறார். நாடகம் முடிந்துவிடப்போகிறதே என்று அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.